எஸ்டபிள்யூஐ படத்தில் நிறைய கறுப்புப் புள்ளிகளா? ஃபேஸ் படத்தையும் திறங்கள்

வலிப்பு வந்து ஸ்கேனுக்கு வந்தவர் அவர். எஸ்டபிள்யூஐ, அதாவது காந்தப்புலத்தைக் கலைக்கும் பொருட்களைக் கறுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தில், மூளை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ரேடியாலஜியில் எனக்கு முதல் வருடம், "பல இடங்களில் நுண் ரத்தக்கசிவு" என்று எழுதிவிட்டேன். மறுநாள் சி.டி. ஸ்கேனில் அதே புள்ளிகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ரத்தமே இல்லை, நாடாப்புழுவின் லார்வாக்கள் செத்துச் சுண்ணாம்பாகிப்போன இடங்கள். அந்தக் குடும்பம் ஓர் இரவு முழுக்கப் பயந்து கிடந்தது என் எழுத்தால்தான்.

ரத்தத்தில் இருக்கிற இரும்பும் சரி, சுண்ணாம்பும் சரி, காந்தப்புலத்தைக் கலைக்கும். அதனால் எஸ்டபிள்யூஐயில் இரண்டுமே கறுப்பு, இரண்டுமே உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

முதலில், அது புள்ளிதானா என்று பாருங்கள். மேலும் கீழும் வெட்டுகளை (மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்லைஸ்களை) உருட்டும்போது கோடாக நீண்டால் அது சிரை. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இதைச் செய்ய முடியாது, டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். நான் ரேடியன்ட் என்ற ஸ்கேன் படம் பார்க்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன், இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துச் சேர்த்து உருட்டலாம்.

அடுத்து ஃபேஸ் படம், அதே ஸ்கேனில் காந்தப்புலம் எந்தப் பக்கம் கலைந்தது என்று காட்டும் இன்னொரு படம், நான் அன்று திறக்காமல் விட்டது. "கறுப்பு என்றால் ரத்தம், வெள்ளை என்றால் சுண்ணாம்பு" என்று மனப்பாடம் செய்யாதீர்கள், மெஷினுக்கு மெஷின் இது தலைகீழாகும். அதே படத்தில், வெட்டுக்குள்ளேயே படுத்த வாக்கில் ஓடும் ஒரு சிரையைத் தேடுங்கள். புள்ளி அந்தச் சிரையின் நிறத்திலேயே இருந்தால் ரத்தம், எதிர் நிறம் என்றால் சுண்ணாம்பு. ஆனால் புள்ளியின் நடு வெட்டில் மட்டும் பாருங்கள், ஏனென்றால் அதற்கு மேலும் கீழும் உள்ள வெட்டுகளில் நிறம் மாறிவிடும், இது தெரியாமல் நான் ஒரு வாரம் குழம்பினேன்.

ரத்தம்தான் என்று தெரிந்த பிறகு, எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தலாமஸ், பேசல் கேங்லியா, பான்ஸ் என்று ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் நாள்பட்ட ரத்த அழுத்தம். 50 வயதைத் தாண்டியவருக்கு மூளையின் ஓரப் பகுதிகளில் மட்டும் இருந்தால் அமிலாய்டு என்ற புரதம் படிந்த ரத்தக்குழாய்களை நினைக்க வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்குச் சாம்பல் பொருளும் வெண்பொருளும் சேரும் இடத்திலும் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலும் தேடுங்கள்.

பின்சேர்க்கை: டிஸ்க்கில் ஃபேஸ் படமே இல்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஸ்கேன் சென்டரில் சீக்கிரமே கேளுங்கள், அங்கேயும் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். சுண்ணாம்பு அதில் வெள்ளையாகத் தெரியும், பழைய நுண்கசிவு பொதுவாகத் தெரியாது.

அப்புறம், அப்பாவின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கே வந்த ஒருவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றைக்கே அவருடைய டாக்டரிடம் படத்தைக் காட்டுங்கள்.