சிப் வடிவமைப்பு மென்பொருள்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் மூன்றும்தான் இந்தத் துறையின் பெரிய கடைகள். விலையைப் பேசித்தான் முடிக்க வேண்டும். அதனால் பேச உட்காரும்போது உங்கள் கையில் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். அதைப் போடும் வழி இது.

முதல் படி: சிப்பை எழுதிக்கொள்ளுங்கள்

டிஜிட்டலா அனலாகா, எத்தனை நானோமீட்டர், எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை சிப் தேவை? 130 நானோமீட்டர் போதும் என்றால் ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் பிடிகே (அங்கே தயாரிக்கும்படி வடிவமைக்கத் தேவையான விதிகளும் கோப்புகளும்) இருக்கிறது. 2020-இல் கூகுளோடு சேர்ந்து திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 5, 7 நானோமீட்டர் என்றால் ஃபவுண்டரி (சிப்பைத் தயாரித்துத் தரும் தொழிற்சாலை) ஒப்புக்கொண்ட வணிகக் கருவிதான் வழி. இலவசக் கருவியோடு ஒப்பிட வேண்டியதில்லை, பேரம் பேசுவதுதான் மிச்சம்.

இரண்டாம் படி: இலவசக் கருவியில் ஓட்டுங்கள்

யோசிஸில் சிந்தசிஸ் (எழுதிய டிசைனை லாஜிக் கேட்களாக மாற்றுவது), ஓப்பன்ரோடில் பிளேஸ்மென்ட் (அவற்றைச் சிப்பில் இடம் வைப்பது), ரவுட்டிங் (கம்பிகளால் இணைப்பது). சொந்த டிசைன் இன்னும் தயாராகவில்லையா? பிக்கோஆர்வி32 என்ற சிறிய ரிஸ்க்-ஃபைவ் கோரை (திறந்த மூல புராசசர் டிசைன்) எடுங்கள். பரப்பு, ஸ்லாக் (சிக்னல் வந்துசேர வேண்டிய கெடுவில் மிஞ்சும் நேரம்), மின்செலவு, ஓடிய நேரம் நான்கையும் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: அதையே வணிகக் கருவியில்

சோதனை லைசென்ஸ் கேளுங்கள். ஆர்டிஎல் (வெரிலாக் போன்ற மொழியில் எழுதிய டிசைன்), டைமிங் கட்டுப்பாடுகள், செல் லைப்ரரி (தயார்நிலைக் கேட்களின் தொகுப்பு) மூன்றும் மாறக்கூடாது. விற்பவர் கொண்டுவரும் டெமோ டிசைனை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பரப்பு 10 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறரோடு வேஃபரை (சிப்கள் உருவாகும் சிலிக்கான் வட்டு) பகிர்ந்து நிலையான அளவு இடத்துக்குப் பணம் கட்டும் ஆளுக்கு அதனால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. லட்சக்கணக்கில் சிப் செய்பவருக்கோ அதுவே லைசென்ஸ் காசைத் திருப்பித் தந்துவிடலாம்.

நான்காம் படி: சிமுலேஷனைத் தனியாகக் கணக்கிடுங்கள்

சிமுலேஷன் என்றால் டிசைன் சரியாக இயங்குகிறதா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது. புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு ஓட்டம் எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்க்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஓட்ட முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். 200 டெஸ்ட், 5 லைசென்ஸ் (ஒரு லைசென்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஓட்டம்), ஒவ்வொரு டெஸ்டும் 10 நிமிடம் என்றால் 40 சுற்று, 400 நிமிடம். இலவசக் கருவி இரண்டு மடங்கு மெதுவாக, 20 நிமிடம் எடுத்தாலும், சர்வரில் 40 டெஸ்ட் ஒன்றாக ஓடினால் 5 சுற்று, 100 நிமிடத்தில் முடிந்துவிடும். வெரிலேட்டர் என்ற இலவச சிமுலேட்டருக்கு லைசென்ஸ் எண்ணிக்கையே கிடையாது. ஆனால் ரீசெட் ஆகாத ஃப்ளிப்ஃப்ளாப்பின் (ஒரு பிட்டைச் சேமிக்கும் சர்க்யூட்) எக்ஸ் நிலையை, அதாவது 0-வா 1-ஆ என்று தெரியாத நிலையை, அது முழுமையாகக் காட்டாது. அதற்கு, மெதுவானாலும், ஐகாரஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அதுவும் இலவசம்தான்.

ஐந்தாம் படி: கடைசிச் சரிபார்ப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

டிஆர்சி (வரைபடம் தயாரிப்பு விதிகளை மீறுகிறதா), எல்விஎஸ் (வரைபடம் சர்க்யூட்டோடு பொருந்துகிறதா) சோதனைக்கு ஃபவுண்டரி எந்தக் கருவியை ஏற்கிறது என்று கேட்டு, அதையே பயன்படுத்துங்கள். பெரும்பாலும் சீமென்ஸின் காலிபர் என்பார்கள். மாஸ்க் (சிப்பின் வடிவத்தைச் சிலிக்கானில் பதிக்கும் அச்சுத் தகடு) செய்த பிறகு பிழை தெரிந்தால் மாஸ்க் செலவை மறுபடி கட்ட வேண்டும். பட்ஜெட் சின்னது என்றால் மற்ற எல்லாவற்றையும் இலவசக் கருவியில் முடித்து, காசை இங்கே போடுங்கள் என்பதே என் கருத்து.

இந்தியாவில் படிக்கும் மாணவரா? மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாக உங்கள் கல்லூரிக்கு வணிகக் கருவிகள் கிடைக்கின்றனவா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். கல்வி லைசென்ஸில் செய்ததை விற்கலாமா என்பதையும் படித்துப் பாருங்கள், பொதுவாக அனுமதி இருக்காது.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் ஒன்று: லைசென்ஸ் முடிந்த பிறகு உங்கள் பழைய டிசைனைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். எப்படியானாலும் வெரிலாக் (சர்க்யூட்), டெஃப் (இடவமைப்பு), ஜிடிஎஸ் (இறுதி வரைபடம்) கோப்புகளை ஒவ்வொரு கட்டத்திலும் தனியே சேமித்து வாருங்கள். வேறு கருவிக்கு மாறினாலும் பெரும்பாலும் அவை திறக்கும்.