டாஹோ ஏரியில் எந்தக் கரை? நம் மலையிலிருந்து சாக்ரமெண்டோ செல்பவர்களுக்கு

குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வேலைக்காகக் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பக்கம் செல்லும் இளைஞர்கள், போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே டாஹோ ஏரிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மலையில் பிறந்தவர்கள் மலையைத் தேடிப் போவது இயல்புதான். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்த நானும் அப்படித்தான் போனேன். அந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் குன்னூரின் உயரத்தில் இருக்கிறது. எமரால்டு பே என்று அதில் ஒரு விரிகுடாவும் உண்டு என்பதால், நம் எமரால்டு அணையை நினைக்காமல் இருக்க முடியாது. இந்த ஒற்றுமைதான் நம்மவர்களை ஏமாற்றுகிறது.

நமக்கு ஏரி என்பது பார்ப்பதற்கும் படகில் போவதற்கும் உரியது. ஜான் சல்லிவன் 1824இல் உருவாக்கிய ஊட்டி ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்று நம்மில் எவருக்கும் தோன்றியதில்லை. டாஹோவிலோ பல இடங்களில் கரை மணலாக இருக்கிறது. அதை அவர்கள் பீச் என்றே அழைக்கிறார்கள். கோடையில் குடும்பம் குடும்பமாக நீரில் இறங்குகிறார்கள். கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களிலுமாகக் கரையின் நீளம் சுமார் 116 கிலோமீட்டர் என்பதால், எங்கே போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படங்களில் அழகாகத் தெரியும் சேண்ட் ஹார்பருக்குக் கோடையில் காருக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சாலையோரம் காரை விட்டுவிட்டு நடந்து நுழைய அங்கே அனுமதி இல்லை. இன்க்ளைன் வில்லேஜின் கரைகள் அவ்வூர் வீட்டுரிமையாளர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டுமே. எமரால்டு பேயில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து நீர் வரை 1.6 கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம்; ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துச் சென்றால் திரும்பி ஏறும்போது உங்களைத்தான் திட்டுவார்கள். காரில் புளியோதரையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்க வரும் நம் ஊர்க் கரடியை அறிந்தவர்களுக்கு, கார்க் கதவைத் திறக்கும் அந்த ஊர்க் கரடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இனி எங்களுக்கு இழப்பு ஏற்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனர் அங்கு வந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்த ஒரு ஜூன் மாதத்தில், ஒரு புகைப்படத்தைப் பார்த்து மயங்கி, மேற்குக் கரையில் பாறைகள் சூழ்ந்த ஒரு சிறிய பீச்சைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன் இரண்டு நாட்கள் பலத்த தென்மேற்குக் காற்று அடித்திருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. வெயில் சுள்ளென்று இருந்தது. தண்ணீர் குளிரும் என்று எச்சரித்தேன். “மாமா, தலைகுந்தா உறைபனியில வெறுங்காலோட நடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?” என்று கேட்டுவிட்டுப் பாறையிலிருந்து குதித்தார். மேலே வந்தவருக்குக் கூப்பிடக் குரல் எழவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தபோது நீர்தான் உள்ளே போயிற்று. துடுப்புப் பலகையில் வந்த இரண்டு பேர் அவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால், அலுவலகக் காப்பீடு இன்னும் தொடங்கியிராததால், ஆம்புலன்சுக்கும் ஓர் இரவு மருத்துவமனைக்கும் நாங்கள் கொடுத்த தொகை பல மாத வாடகையை விழுங்கிவிட்டது.

நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்த ஏரியின் ஆழம் 501 மீட்டர். அடியில் நீர் ஆண்டு முழுவதும் 4, 5 டிகிரி செல்சியஸிலேயே கிடக்கிறது. ஆகஸ்டில்கூட மேற்பரப்பு மட்டுமே 18 முதல் 21 டிகிரி வரை வெதுவெதுப்பாகிறது. தென்மேற்குக் காற்று என்றால் நமக்கு மழை. அங்கேயோ அது அந்த மெல்லிய வெப்பநீரைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப மேற்குக் கரையில் அடிநீர் மேலெழுந்து வருகிறது. காற்று நின்று வெயில் அடித்தாலும் நீர் உடனே சூடாகிவிடாது. உறைபனியில் நடப்பது வேறு. பனிநீரில் உடல் முழுவதும் ஒரே நொடியில் மூழ்குவது வேறு. பின்னதில், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே வாரி இழுக்கிறது. குளிரைப் பற்றிய நம் மலைப் பெருமை அங்கே ஒரு காசுக்கும் உதவாது.

ஆகவே, முதல் முறை செல்பவர்கள் வடக்கே கிங்ஸ் பீச், தெற்கே போப் பீச் போல, நெடுந்தூரம் முழங்காலளவு நீரே உள்ள மணற்கரைக்குச் செல்லுங்கள்; ஆழம் குறைந்த நீர் வெயிலில் விரைவாகச் சூடாகும். முந்தைய இரண்டு நாட்களின் காற்றைப் பார்த்துவிட்டு, அது தென்மேற்கிலிருந்து வீசியிருந்தால் மேற்குக் கரையைத் தவிர்த்துவிடுங்கள். பிற்பகலில் பெரும்பாலும் காற்று எழும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பாறையடியில் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால் ஆழம் கண்ணுக்குக் குறைவாகவே தோன்றும், அங்கிருந்து குதிக்காதீர்கள். பலகையோ படகோ எடுத்தால் உயிர்காப்பு உடுப்பை அணிந்துகொள்ளுங்கள்.

மைத்துனர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். குழந்தைகளின் குளியல்தொட்டிக்கான வெப்பமானி ஒன்றை வாங்கிக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கரையிலிருந்து அழைத்து, 13 டிகிரி காட்டுவதாகவும், அதனால் எல்லோரும் மணலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.