வார ஓய்வு நாளை வீடு முழுவதும் கடைப்பிடிக்கும் முறை

தமிழ்நாட்டில் பல வீடுகளில் அடுப்பு அதிக நேரம் எரியும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் கறிக்கடையிலோ மீன் சந்தையிலோ நின்று வாங்கி வருவதோடு ஒருவருடைய வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மீனை ஆய்வதும், மசாலா அரைப்பதும், குழம்பு கொதிக்கும்போதே வறுவலுக்கு வெங்காயம் அரிவதும், பிற்பகல் மூன்று மணிக்கு எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்களைத் துலக்குவதும் இன்னொருவருடைய வேலையாகிவிடுகின்றன. வாரம் முழுவதும் சேர்ந்த அழுக்குத் துணியும், ஒட்டடையும், ரேஷன் கடையும், பிள்ளைகளின் சிறப்பு வகுப்பும் அதே நாளில் வந்து சேருகின்றன. திங்கட்கிழமை காலையில் அலுப்போடு எழுகிறவர்கள் அந்த அலுப்பைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் சம்பாதித்திருக்கிறார்கள்.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அந்த 289 நிமிடங்களுக்கு வார விடுமுறை என்று ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே, வார ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனையை வைத்துவிட விரும்புகிறேன்: சமைப்பவர் ஓய்வெடுக்காத நாளை அந்த வீட்டின் ஓய்வு நாள் என்று எண்ணக் கூடாது. கீழே சொல்லும் முறைகள் அனைத்தும் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதற்கானவை.

இதனால் கிடைக்கும் நன்மை

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாள்தோறும் பத்து மணி நேரம் உழைப்பவர் ஏழாம் நாளை விட்டுவிட்டால் வாரக் கணக்கு எழுபதிலிருந்து அறுபதுக்கு இறங்குகிறது என்பது எளிய கணக்கு. இன்னும் குறைக்க வேண்டியிருந்தாலும், தொடங்குவதற்கு அந்த ஒரு நாளே நல்ல இடம்.

ஓய்வு நாளால் வேலை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு வரலாறு ஆதரவு தரவில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை வாங்கினார்கள். அந்தத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915இல் அமைக்கப்பட்ட குழு, போர் நெருக்கடிக்கு நடுவிலேயே, ஞாயிறு வேலையை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. களைத்த உடலிடமிருந்து ஏழாம் நாளில் பெறும் உழைப்பு மற்ற ஆறு நாட்களின் உழைப்பைக் குறைத்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

நம் நாட்டில் இந்த ஒரு நாள் இலவசமாகக் கிடைத்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிலாளர்களை வரவழைத்து எந்திரங்களைத் துடைக்கச் செய்யும் வழக்கம் இருந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் அதை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். விடுமுறை நாளில் எந்திரம் துடைக்க வைத்த அந்த வழக்கத்துக்கும், வாரத்தின் மிச்ச வேலைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் கொட்டி வைக்கும் நம் வீட்டு வழக்கத்துக்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

எந்த நாள், எந்த நேரம்

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக அமையும் நாளே ஓய்வுக்கு ஏற்ற நாள். சோவியத் ஒன்றியத்தில் 1929இல் எந்திரங்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டு வந்து, தொழிலாளர்களைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை தந்தார்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை என்பதால் ஓய்வு முன்னைவிட அதிகமாகவே கிடைத்தது. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு வேறொரு நாள் என்று ஆனபோது அந்த விடுமுறை யாருக்கும் இனிக்கவில்லை. 1931இல் அனைவருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் முறைக்கு மாறி, 1940இல் பழைய ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் கிறித்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் நீடிப்பதற்கு, வழிபாட்டோடு, ஊரே சேர்ந்து கரையில் நிற்கிறது என்பதும் காரணம். ஒருவர் மட்டும் கடைப்பிடித்திருந்தால் அது சில வாரங்களில் தேய்ந்து போயிருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை யூதர்களின் முறையைப் பின்பற்றுவது பெரிதும் உதவுகிறது. அவர்களுடைய ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் விளக்கேற்றுவதில் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கிறது. நம் வீடுகளில் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி ஞாயிறு மாலை விளக்கு வைக்கும்போது முடித்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவில் சீருடைக்கு இஸ்திரி போடுவதும், புத்தகப் பையை அடுக்குவதும், மறுநாள் சமையலுக்குக் காய் அரிவதும் தவிர்க்க முடியாதவை. ஓய்வை நள்ளிரவு வரை நீட்டுவதாகச் சொல்லிக்கொண்டால் அந்த வேலைகள் அதற்குள் நுழைந்து நாளையே கெடுத்துவிடும். மாலையோடு முடித்துக்கொண்டால் எதுவும் மோதாது, சனிக்கிழமை இரவின் தூக்கமும் ஓய்வுக்குள் வந்துவிடும்.

முந்தின நாளும் சமையலறையும்

ஓய்வு நாள் முந்தின நாளில்தான் உருவாகிறது. துணி துவைப்பதைப் புதன், சனி என்று இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். மளிகை, காய்கறி, மருந்து, எரிவாயு பதிவு, கட்ட வேண்டிய தொகைகள் ஆகியவற்றைச் சனிக்கிழமை பிற்பகலுக்குள் முடிக்க வேண்டும். முடியாதவற்றைத் தாளில் எழுதித் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்க வேண்டும். எழுதி வைப்பது சிறு செயலாகத் தோன்றினாலும், மறந்துவிடுவோமோ என்ற பயம் நீங்கினால்தான் மனம் அந்த வேலையை விட்டு விலகும்.

சமையலுக்கு நம் சமையல் மரபிலேயே வழி இருக்கிறது. தோசை மாவை வெள்ளிக்கிழமை இரவே ஆட்டி, சனிக்கிழமை காலையில் பொங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். சனிக்கிழமை மாலைக்குள் வடித்த சோறு ஆறியதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால், ஞாயிறு காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடும் முந்தின நாளே வறுத்து வைத்த மோர் மிளகாயோடும் உண்ணலாம். அடுப்பைத் தொட வேண்டியதில்லை. மதியத்துக்குப் புளிக்காய்ச்சல் கைகொடுக்கும். நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் காய்ந்த மிளகாயும் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும்வரை பொறுமையாகக் கொதிக்க வைத்து, வறுத்த வெந்தயப் பொடியைத் தூவி இறக்கி, ஈரமில்லாத சாடியில் ஈரமில்லாத கரண்டியோடு வைத்திருந்தால் பல நாட்கள் கெடாது. ஞாயிறு மதியம் சோறு வடிப்பது ஒன்றே மிச்சம். அதையும் வாரம் முழுவதும் சமைக்காதவர் வடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அசைவம் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை மாலையில் வைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஞாயிறு மதியம் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். ஆட்டுக்கறியை வார நடுவில் ஒரு நாளுக்கு மாற்றுவது முதலில் சற்று வினோதமாக இருக்கும். ஆனால் ஞாயிறு காலையில் கடை வாசலில் காத்திருப்பதும் மிச்சமாகும். மாற்ற மனமில்லாத வீட்டில், கறியை வாங்கி வருகிறவரே கழுவி, சமைத்து, பாத்திரம் துலக்குவது வரை ஏற்றுக்கொள்ளலாம். வாழை இலையில் பரிமாறினால் தட்டு கழுவும் வேலை இல்லை. அவரவர் டம்ளரை அவரவர் கழுவி வைப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம்.

உணவைச் செயலி வழியாக வரவழைத்துக்கொள்ளலாமே என்றால், எப்போதாவது செய்யலாம் என்பேன், வழக்கமாக்கக் கூடாது. நம் ஓய்வுக்காக இன்னொருவர் வெயிலில் வண்டி ஓட்டுகிறார். விவிலியத்தின் ஓய்வு நாள் கட்டளை வீட்டுத் தலைவரோடு நின்றுவிடாமல் வேலைக்காரர், வேலைக்காரி, அயலார், கால்நடை வரை பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது: வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தருவதும், அந்த நாளின் பாத்திரங்களை மறுநாளுக்குக் குவித்து வைக்காமல் இருப்பதும் நம் ஓய்வு நாளின் பகுதிகளே.

கைப்பேசி

அலுவலகத்துக்குப் போகாமல் இருப்பதும் அலுவலகத்தை நினைக்காமல் இருப்பதும் வெவ்வேறு. வேலையிலிருந்து மனம் விலகியிருக்கும் நேரமே களைப்பைப் போக்குகிறது என்று பணி உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வந்திருக்கிறார்கள். எனவே சனிக்கிழமை மாலையில் வாட்ஸ்அப் குழுக்களின் ஒலியையும் அறிவிப்புகளையும் நிறுத்தி, அழைப்பை மட்டும் திறந்து வைக்கலாம். "ஞாயிறு மாலை வரை செய்திகளைப் பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் அழையுங்கள்" என்று மேலாளருக்கும் உடன் வேலை செய்வோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரும்பாலானவர்கள் அழைப்பதில்லை. அழைக்கும் அளவுக்கு அவசரமானவை மிகக் குறைவு. நோய், இறப்பு, விபத்து என்றால் ஓய்வை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். மிகக் கண்டிப்பாக ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் யூதர்களும் உயிர் காக்கும் வேலைக்கு அந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தா என்றே கொள்கிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களும் சுழற்சிப் பணியாளர்களும்

சிறு கடைக்காரருக்கு இது பணத்தோடு தொடர்புடைய முடிவு. ஓரிரு மாதங்களுக்கு நாள்வாரியாக விற்பனையைக் குறித்து வைத்து, மிகக் குறைந்த நாளைத் தேர்ந்தெடுத்து, முதலில் பிற்பகலை மட்டும் மூடிப் பார்க்கலாம். வாடிக்கையாளர்களைக் கடையின் விடுமுறை குழப்புவதில்லை, விடுமுறை நாள் மாறிக்கொண்டே இருப்பதுதான் குழப்புகிறது. பல ஊர்களில் முடிதிருத்தகங்கள் செவ்வாய்க்கிழமை மூடியிருப்பதை அறிந்தவர்கள் திங்கட்கிழமையே போய்விடுவதைப் பார்க்கிறோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இதையே எதிர்பார்த்தது: கடையை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூட வேண்டும், அந்த நாளைக் கடையில் எழுதித் தொங்கவிட வேண்டும், மூன்று மாதங்களுக்கு ஒரு முறைக்கு மேல் அதை மாற்றக் கூடாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் எல்லா நாட்களிலும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அனுமதித்த அரசாணைகூட, ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

செவிலியர், காவலாளி, பேருந்து ஓட்டுநர் போன்றோர் நாளைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கலாம்: விடுமுறை நாள் முந்தின இரவில் தெரிவிக்கப்படாமல் மாதத் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும், மாதத்தில் ஒன்றாவது குடும்பத்தாரின் விடுமுறையோடு சேர வேண்டும். இரவுப் பணி முடித்து வந்து தூங்கும் பகலை ஓய்வு நாளாகக் கணக்கிடக் கூடாது, அது அன்றாடத் தூக்கம்.

முதல் சில வாரங்கள்

தொடக்கத்தில் ஓய்வு நாள் இனிமையாக இருக்காது. பிற்பகலில் என்ன செய்வதென்று தெரியாமல் கை கைப்பேசியைத் தேடும். பல ஆண்டுகளாக அடுப்படியிலேயே இருந்தவர் உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு அலமாரியை அடுக்கத் தொடங்குவார். அவரை உட்காருங்கள் என்று சொல்வதோடு நிறுத்தாமல் உடன் உட்கார்ந்து பேச வேண்டும், அல்லது அவர் பார்க்க விரும்பும் அக்கா, தங்கை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். தூங்க விரும்புகிறவரைத் தூங்க விடலாம். கோயில், தேவாலயம், நூலகம், கடற்கரை என்று எங்கே போனாலும் ஓரிடம் போதும். நாளை நிகழ்ச்சிகளால் நிரப்பினால் அதுவும் வேலையாகிவிடும்.

முகூர்த்த மாதங்களில் கல்யாணங்களும் காதுகுத்துகளும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும், தேர்வுக் காலமும் வரும். அந்த வாரத்து ஓய்வு போய்விட்டால் போகட்டும், அதை வேறொரு நாளில் ஈடுகட்ட முயன்று வாரத்தையே கலைக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை மாலையில் வழக்கம்போல் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மீண்டும் தொடரலாம்.