முதல் கேமிங் கணினி: ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினியை வீட்டிலேயே பூட்டுவது கடினமான வேலை அன்று. ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஒரு பகல் பொழுதில் முடித்துவிடலாம். கடினமெல்லாம் அதற்கு முன்பு, பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. தனித்தனியே பார்க்கும்போது தரமாகத் தெரியும் ஏழெட்டுப் பாகங்கள், வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போவதுண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பெட்டியைப் பிரித்துவிட்ட பொருளைத் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. ஆகவே எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் எதைச் சரிபார்ப்பது என்பதை ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே விளக்குகிறேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் (நடுத்தர அளவு) மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. நீங்கள் வேறு மாடல்களை வாங்கினாலும் சரிபார்க்கும் முறை மாறாது.

படி 1: மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் பிராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். மானிட்டரிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. எந்தத் தெளிவில் (ரெசல்யூஷன்), விநாடிக்கு எத்தனை காட்சிகள் வேண்டும் என்பதுதான் கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிக்கிறது. செலவில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதும் அந்தக் கார்டுதான். 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060, 1080பி மானிட்டருக்கு ஏற்றது. வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், கார்டு விநாடிக்கு 140 காட்சிகளை உருவாக்கினாலும் திரை 60 முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

படி 2: பிராசஸர், சாக்கெட், பயோஸ்

பிராசஸர் அமரும் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒரே பெயர் உடையவையாக இருக்க வேண்டும்; இதில் தோராயத்துக்கு இடமில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை, 2022-இல் வெளிவந்த ஏஎம்5 சாக்கெட்டில் அமரும். அதற்கு முந்தைய ஏஎம்4 பிராசஸர்களுக்கு அடிப்பகுதியில் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏஎம்5-இல் அந்தப் பின்கள் மதர்போர்டுக்கு இடம் மாறிவிட்டதால் இரண்டையும் மாற்றிப் பொருத்தவே முடியாது. இன்டெல் பக்கம் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டையும், 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை எல்ஜிஏ 1851 சாக்கெட்டையும் பயன்படுத்துகின்றன.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. பி650 மதர்போர்டுகள் 2022-இல் வந்தவை. ரைசன் 9000 பிராசஸர்கள் 2024-இல் வந்தவை. கடையில் நெடுநாள் இருந்த மதர்போர்டில் பழைய பயோஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) இருந்தால், சாக்கெட் பொருந்தியும் கணினி உயிர்பெறாது. தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் பிராசஸர் ஆதரவுப் பட்டியல் ஒன்று இருக்கும். எந்தப் பிராசஸருக்கு எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு என்று அதில் குறித்திருப்பார்கள். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பிராசஸர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயோஸைப் புதுப்பிக்க உதவும் பொத்தான், பயோஸ் ஃப்ளாஷ்பேக் போன்ற பெயர்களில், சில மதர்போர்டுகளின் பின்புறம் இருக்கும். விலை சற்றுக் கூடினாலும் அத்தகைய போர்டையே நான் பரிந்துரைப்பேன்.

பிராசஸரின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் படியுங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் "எஃப்" என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இராது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ரைசன் 5 7600-இன் பெட்டியில் கூலரும் (பிராசஸரின் வெப்பத்தைத் தணிக்கும் பாகம்) வருகிறது. 7600எக்ஸ் பெட்டியில் வராது, தனியே வாங்க வேண்டும்.

படி 3: ரேம்

ஒரு டிடிஆர்4 ரேமையும் டிடிஆர்5 ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம். இரண்டிலும் 288 தொடர்புப் புள்ளிகள். ஆனால் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு, ஒன்றில் இருக்கும் இடத்திலிருந்து மற்றதில் சற்றே தள்ளி இருக்கும். தவறான ரேமைச் செருகினால் அந்த வெட்டு ஸ்லாட்டின் மேட்டில் இடித்து நிற்கும். அந்த இடத்தில் அழுத்திப் பார்க்காமல், எடுத்துவிட்டு வகையைச் சரிபாருங்கள்.

ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், அங்கே குழப்பமில்லை. எல்ஜிஏ 1700 மதர்போர்டுகளில்தான் கவனம் வேண்டும். ஒரே மாடல் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு வடிவங்களில் வருவதுண்டு. பெயரில் "டி4" போன்ற ஒரு சிறு குறிப்பு மட்டுமே வேறுபடும்.

32 ஜிபியை ஒரே ரேமாக வாங்காமல் 16 ஜிபி ரேம்கள் இரண்டு கொண்ட ஒரே கிட்டாக வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு தடங்களிலும் தரவு பாயும். விளையாட்டுகளில் அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ரைசன் 7000-க்கு 6000 வேகமும் எக்ஸ்போ (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் ஏஎம்டியின் அமைப்பு) ஆதரவும் கொண்ட ரேம் நல்ல தேர்வு. நான்கு ஸ்லாட்டுகள் இருக்கின்றனவே என்று நான்கையும் நிரப்பினால் டிடிஆர்5-இல் வேகம் குறைய நேரிடும் என்பதால், பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இப்போது குறைவாக வாங்குவதை நான் ஏற்பதில்லை.

படி 4: கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்-உம்

கார்டு செருகப்படும் பிசிஐஇ ஸ்லாட் பழைய தலைமுறைகளோடும் ஒத்துப்போகும். ஆகவே கார்டு பொருந்துமா என்ற கவலையைவிட அதற்கு மின்சாரம் போதுமா என்ற கணக்கே முக்கியம். ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். எட்டுப் பின் இணைப்பு ஒன்று மேலும் 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 4060-இன் தேவை 115 வாட். ரைசன் 5 7600-இன் குறிப்பில் 65 வாட் என்று இருந்தாலும், முழு வேகத்தில் அது 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் அனைத்துக்கும் 70 வாட் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 275 வாட் ஆகிறது. என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) பரிந்துரைக்கிறது. கார்டுகள் நொடிப்பொழுதில் திடீரென்று கூடுதல் மின்சாரம் இழுப்பவை என்பதாலும், நாளை பெரிய கார்டு மாட்டும் ஆசை வரும் என்பதாலும் 650 வாட் வாங்கிவிடுவது நல்லது.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐக் கேமிங் கணினிக்குப் பயன்படுத்தவே கூடாது. "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்வது; பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்லாது. ஆகவே மிகை அழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்புகள் உண்டா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

கேபிள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிராசஸருக்கான எட்டுப் பின் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் ஒன்றல்ல. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ் என்றால், அதோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்-இன் கேபிள் முனை அப்படியே பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ அந்த நொடியே கருகிவிடக்கூடும்.

படி 5: கேபினட்டும் அளவுகளும்

இங்கே மில்லிமீட்டர் கணக்குத்தான். ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. ஏடிஎக்ஸ் கேபினட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அமரும், மறுதலை நடக்காது.

என் தம்பிக்காக நான் முதன்முதலில் பூட்டிய கணினியில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கூலரின் உயரத்தை மட்டும் விட்டுவிட்டேன். கூலர் 158 மில்லிமீட்டர். கேபினட் அனுமதித்தது 155. எல்லாக் கேபிள்களையும் அடுக்கிக் கட்டி முடித்து, இரவு பத்து மணிக்குப் பக்கவாட்டுக் கண்ணாடியை மூடப்போனபோது அது கூலரின் வெப்பக்குழாய் முனைகளில் முட்டி நின்றது. மூன்று மில்லிமீட்டருக்காகக் கூலரைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, வேறொன்று வாங்கி மாட்ட வேண்டியதாயிற்று. தம்பி அந்த வாரம் முழுவதும் காத்திருந்தான்.

கார்டின் நீளத்துக்கும் இதே கணக்கு உண்டு. கேபினட் குறிப்பில் சொல்லப்படும் நீளம் பெரும்பாலும் முன்புறம் ரேடியேட்டர் (திரவக் கூலரின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) இல்லாத நிலைக்கானது. திரவக் கூலரை முன்பக்கம் பொருத்தினால் ரேடியேட்டரும் விசிறியும் சேர்ந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முன்பக்கம் வலைத்துளைகள் கொண்ட கேபினட்டையே தேர்ந்தெடுங்கள். நம் ஊர்க் கோடையில் அடைத்த கண்ணாடி முகப்பு ஒத்துவராது.

படி 6: எஸ்எஸ்டி

மதர்போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எம்.2 வடிவில் வேகமான என்விஎம்இ, அதைவிட மெதுவான சாட்டா என இரண்டு வகைகள் உண்டு. உங்கள் ஸ்லாட் எதை ஏற்கிறது என்பதை மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி தொடக்கத்துக்குப் போதும்.

படி 7: முதல் முறை இயக்கும்போது

நான்கு ஸ்லாட்டுகள் இருந்தால், ரேம்களைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டுகளில் செருகுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ஏஎம்5 கணினி முதல் முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; திரை கறுப்பாகவே இருக்கும். அந்நேரத்தில் பதறி மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள். திரை வந்ததும் பயோஸுக்குள் சென்று ரேமின் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த இயல்பு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்போவை இயக்கி, சேமித்து, மறுபடி தொடங்கிய பின் அதே இடத்தில் 6000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸை நிறுவத் தொடங்கலாம்.