புயல் அடிக்கும் கடலோர வீட்டுக்கு உலோகக் கூரை: தேர்ந்தெடுப்பது எப்படி

கூரை போட வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஷீட் நல்லது?" என்றுதான். நிறம், கம்பெனி, எத்தனை வருட கியாரண்டி என்று பேச்சு அங்கேயே சுற்றும். நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஷீட்டை எதன் மேல், எதைக் கொண்டு பிடிக்கப் போகிறீர்கள்? கடற்கரையில் ஒரு கூரை போவது இரண்டு வழியில். ஒரே இரவில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் சில வருடங்களில் உப்பு தின்றுவிடும். இந்த இரண்டும் கூட்டாளிகள். உப்பு அரித்து வைத்த ஸ்க்ரூதான் காற்றடிக்கும்போது முதலில் விடுகிறது.

காற்றை முதலில் பார்ப்போம். புயல் கூரையை மேலிருந்து அமுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கூரையைத் தாண்டிப் போகும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. அரை மில்லிமீட்டர் ஸ்டீல் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோதான் இருக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் இழுப்பு அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆகவே ஷீட்டின் எடை எந்த விதத்திலும் உதவாது, பிடிமானம் மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும். இன்னொன்று: காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னலோ கதவோ உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். அதனால் கூரைக்குப் பட்ஜெட் போடும்போதே ஜன்னல் ஷட்டருக்கும் பெரிய கதவுகளின் தாழ்ப்பாளுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர் என்றால் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. நான்கு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடப் புயலில் நன்றாகத் தாங்குகிறது. இறவாரத்தை ரொம்ப வெளியே நீட்டாதீர்கள். நிழலுக்கு நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த நிழல் கூரையை வீட்டுக் கூரையிலிருந்து பிரித்துத் தனியாகப் போடுங்கள். போனாலும் அது மட்டும் போகட்டும்.

அடுத்ததை நான் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். 1974 கிறிஸ்துமஸ் நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி என்ற புயல் தாக்கியது. ஊரில் பெரும்பாலான வீடுகள் பாழாயின. பிறகு கூரைகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பல இடங்களில் ஸ்க்ரூ மரத்தை விட்டு வரவே இல்லை. ஸ்க்ரூ தலையைச் சுற்றி ஷீட்தான் விரிசல் விட்டுக் கிழிந்து கழன்றிருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டு விட்டு ஆயிரக்கணக்கான தடவை இழுக்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒரு கட்டத்தில் அறுந்துவிடுகிறதே, அதேதான் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கூரை ஷீட்டுகளை மாறி மாறி இழுத்துச் சோதிக்கும் முறை அங்கே கட்டாயமானது. நீங்கள் வாங்கும் ஷீட்டுக்கும் அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்க்ரூ தலைக்கு அடியில் அகலமான, ஷீட்டின் நெளிவுக்கு ஏற்ற வடிவில் வரும் புயல் வாஷர் போட்டால், இழுப்பு ஒரே புள்ளியில் விழாமல் பரவும். விலை அதிகமில்லாத பொருள், வேலையோ பெரியது.

ஷீட்டை இறுக்கிப் பிடித்துவிட்டால் பலவீனம் அடுத்த இணைப்புக்கு நகர்ந்துவிடும். ஷீட் பர்லினோடு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நன்றாகப் பிடித்திருக்கும், ஆனால் பர்லின் ராஃப்டரிலிருந்து (சுவரில் உட்கார்ந்து பர்லினைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) வெறும் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு, ஷீட்டும் பர்லினுமாக மொத்தமாகப் பறந்து போகும். பழைய வீட்டுக்குப் புதுக் கூரை மாற்றும்போது இது அதிகம் நடக்கிறது. பழைய ஷீட்டைக் கழற்றிய அன்று ராஃப்டரும் பர்லினும் திறந்து கிடக்கும். அந்த ஒரு நாளை விடாதீர்கள். பர்லின் ராஃப்டரில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்ட்ராப் அல்லது நீளமான ஸ்க்ரூ, ராஃப்டர் சுவரில் உட்காரும் இடத்தில் உலோகப் பட்டை, அந்தப் பட்டை சுவருக்குள் இறங்கும் போல்ட்டில் முடிய வேண்டும். மூடிவிட்ட பிறகு இதை யாரும் செய்யப்போவதில்லை.

சரி, இப்போது ஷீட் வகை. சந்தையில் இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று, ஸ்க்ரூ வெளியே தெரியும் நெளி ஷீட். மற்றது, ஓரங்களை நிமிர்த்தி ஒன்றோடு ஒன்று மடித்து, அடியில் ஒளிந்திருக்கும் கிளிப்பால் பிடிக்கும் ஸ்டாண்டிங் சீம். வசதி இருந்தால் என் ஓட்டு இரண்டாவதற்கு. கூரையில் ஆயிரம் துளை இல்லை, வெயிலில் கெட்டுப்போகும் ரப்பர் வாஷரும் இல்லை. அதிலும் கையால் அமுக்கிப் பூட்டும் வகையைவிட, மெஷினால் இரட்டை மடிப்பாக மடிக்கும் வகை காற்றில் வலுவானது. ஆனால் ஸ்க்ரூ போடும் நெளி ஷீட் மட்டமானது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓரங்களில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, நெருக்கமான பர்லின், சரியான வாஷர் என்று ஒழுங்காகப் போட்ட நெளி ஷீட், கிளிப்பை மிச்சம் பிடித்த ஸ்டாண்டிங் சீமைவிடப் பல மடங்கு மேல்.

விற்பவர் "இது 250 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்" என்பார். எவ்வளவு உயர வீட்டில், எத்தனை மில்லிமீட்டர் கனத்தில், எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 'கிளாஸ் 90' என்று சான்றிதழில் போட்டிருப்பதைப் பார்த்து 90 மைல் வேகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த 90 வேகம் இல்லை, சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்ற இழுவிசைக் கணக்கு. 1992-இல் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடாவைச் சிதைத்த பிறகு அங்குள்ள மயாமி-டேட் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) கூரைப் பொருள்களுக்கு மிகக் கடுமையான ஒப்புதல் முறையைக் கொண்டுவந்தது. அந்த ஒப்புதல் தாள்களில் எனக்குப் பிடித்தது, அவை ஷீட்டை மட்டும் பேசுவதில்லை. அடியில் என்ன பலகை, என்ன கிளிப், நடுப்பகுதியில் எவ்வளவு இடைவெளி, ஓரத்திலும் மூலையிலும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். நீங்கள் எங்கே இருந்தாலும் கான்ட்ராக்டரிடம் இப்படி ஒரு தாளை வாங்கிக்கொண்டுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

உலோகம் என்னவாக இருக்கலாம்? அலை உடையும் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் அலுமினியம் போடுங்கள், வேறு யோசனை வேண்டாம். அதில் செந்துரு வராது. சற்று உள்ளே தள்ளி இருந்தால் கால்வால்யூம் போதும். அது 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள ஸ்டீல். வெறும் துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண ஜிஐ ஷீட்டை உப்புக்காற்றுக்குப் பக்கத்தில் போடவே வேண்டாம். கியாரண்டி தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் என்றால் செல்லாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி அடிக்கடி இருக்கும்.

அலுமினியத்தில் ஒரு விஷயத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். சூட்டில் அது ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 6 மீட்டர் ஷீட் 50 டிகிரி வித்தியாசத்தில் 7 மில்லிமீட்டர் வரை நகரும். இறுக்கிக் கட்டினால் துளை நீண்டு தண்ணீர் இறங்கும். நீள ஷீட்டுக்கு நகர இடம் கொடுக்கும் கிளிப் கேளுங்கள். ஸ்டீலைவிட மென்மையான உலோகம் என்பதால் கனமும் கூடுதலாக வேண்டும், 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். கனம் கேட்கும்போது பெயிண்ட்டோடு சேர்த்த கனமா, வெறும் உலோகத்தின் கனமா என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்ப்பதில் யாருக்கும் கோபம் வரக் கூடாது.

பெயிண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பிவிடிஎஃப் (வெயிலைத் தாங்கும் ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் பூச்சு) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பாலியெஸ்டர் பூச்சு வெயிலில் சீக்கிரம் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும்.

நல்ல ஷீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அதோடு சேர்க்கும் பொருள்தான். செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அலுமினியத்தையும் கால்வால்யூமையும் ஓட்டை போடும். ஏசி பைப்பைக் கூரை மேல் கொண்டுபோகும்போது இதைக் கவனியுங்கள். ஈரச் சிமென்ட் பட்டாலும் இரண்டும் அரிக்கும். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தின் மேல் அலுமினியத்தை நேராக வைக்கக் கூடாது, நடுவில் ஒரு தடுப்புப் படலம் வேண்டும். ஸ்க்ரூவைத் தனியாகக் கடையில் வாங்காமல், ஷீட் கம்பெனி அந்த உலோகத்துக்கென்று எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். அப்புறம் வெட்டுவது. கிரைண்டரில் வெட்டினால் பொறி பறந்து பூச்சைச் சுட்டுவிடும். பறந்த இரும்புத் தூள் ஷீட்டின் மேல் ஒட்டி, நாலு நாளில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். கத்தரியோ நிப்ளரோ (ஷீட்டைச் சிறு சிறு துண்டாகக் கடித்து வெட்டும் கருவி) வைத்துத்தான் வெட்ட வேண்டும். சாயங்காலம் இறங்குவதற்கு முன் தூளையெல்லாம் பெருக்கிவிட வேண்டும்.

ஷீட்டுக்கு அடியில் பிளைவுட் பலகை அடித்து, அதன் இணைப்புகளை ஒட்டும் படலத்தால் மூடிவிட்டால், மேலே ஒரு ஷீட் போனாலும் வீட்டுக்குள் மழை கொட்டாது. செலவு கூடும். புயல் தொடர்ந்து வரும் கடற்கரையில் அந்தச் செலவைக் குறைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கூரை போட்ட பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கூரையின் மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடிப்பக்கத்துக்கும் சுவரை ஒட்டிய மடிப்புக்கும் மழை போகாது, உப்பு அங்கேதான் தங்கி முதலில் அரிக்கும். ஹோஸைக் கீழிருந்து மேலே பிடித்து அங்கே அடியுங்கள். கழுவும் நாளில் ஏணியில் நின்று ஸ்க்ரூக்களையும் பாருங்கள். வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஸ்க்ரூ இறுகாமல் வெறுமனே சுற்றினால் மரத்தில் அது பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். அதே துளையில் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போடுங்கள், அதுவும் புயல் பருவம் தொடங்கும் முன்பே.