புது டிவில படம் சீரியல் மாதிரி தெரியுதா? இத பண்ணுங்க

பெரிய டிவியா வாங்கி ஆசையா ஒரு நல்ல படம் போட்டா, என்னமோ வழவழனு சீரியல் ஷூட்டிங் மாதிரி தெரியுதுனு நிறைய பேர் சொல்றாங்க. படத்து மேல தப்பே இல்லீங்க, பெட்டிய தொறக்கறப்பவே ஆன்ல வர ஒரு செட்டிங் தான் காரணம். அத ஆஃப் பண்ணாம பாத்துட்டு "கேமரா சுமார்"னு சொல்றது அந்த ஒளிப்பதிவாளருக்கு பண்ற அநியாயம்.

சினிமாவ செகண்டுக்கு 24 ஃபிரேம்ல, அதாவது 24 தனித்தனி படமா எடுக்கறாங்க, பேசும்படம் வந்த காலத்துலேர்ந்து அதான் கணக்கு. டிவி ஸ்கிரீன் செகண்டுக்கு 60 இல்லனா 120 தடவ மாறும், அதனால ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல யாருமே எடுக்காத ஒரு ஃபிரேம டிவியே உருவாக்கி சொருகிடும், இதுக்கு மோஷன் ஸ்மூத்திங்னு பேரு. உங்க டிவில இது ஆன்ல இருக்கானு கண்டுபிடிக்க, கேமரா மெதுவா பக்கவாட்டுல நகர்ற சீன் ஒண்ணு போட்டு ஹீரோவோட தலைமுடி ஓரத்தயும் தோள்பட்டையயும் பாருங்க, அந்த விளிம்பு மட்டும் கானல் மாதிரி நெளிஞ்சா ஆன்ல இருக்குனு அர்த்தம். 2018 டிசம்பர்ல டாம் குரூஸே டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோட சேந்து, தயவு செஞ்சு இத ஆஃப் பண்ணிட்டு படம் பாருங்கனு ஒரு வீடியோ போட்டாரு.

எங்க ஆஃப் பண்றது? பிக்சர் செட்டிங்ஸ் உள்ள போங்க, சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி, பழைய மாடல்னா ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ. ஃபிலிம்மேக்கர் மோட்னு ஒண்ணு இருந்தா வேற எதயும் தேட வேண்டாம், அத போட்டாலே இதெல்லாம் தானா ஆஃப் ஆயிடும், 2019ல அறிவிச்சது, அதுக்கப்புறம் வந்த நிறைய டிவில இருக்கு. அது இல்லனா சினிமா இல்ல மூவி மோட் போடுங்க. விவிட், டைனமிக் எல்லாம் பளபளனு வெளிச்சமா இருக்கற ஷோரூம்ல கண்ண இழுக்கறதுக்கு, வீட்டுக்கு இல்ல. கலர் டெம்பரேச்சர வார்ம்ல வைங்க, மொதல்ல மஞ்சளா தெரியும், ஆனா பொறுத்துக்கோங்க, கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும், அப்புறம் பழைய மோடுக்கு போனா எல்லார் மூஞ்சியும் நீலமா தெரியும்.

ஷார்ப்னெஸயும் நல்லா குறைச்சிடுங்க, சோனில மட்டும் 50 தான் நடு அளவு, அத அப்படியே விடுங்க.

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க: சாதாரண படத்துக்கு மாத்துன செட்டிங் எச்டிஆர் படத்துக்கும் (வெளிச்சமும் கலரும் அதிகமா காட்டற வகை) அதுலயே ஒரு ரகமான டால்பி விஷனுக்கும் பெரும்பாலும் வராது, அதுங்களுக்கு தனித்தனியா சேவ் ஆகும். அதனால ஒரு எச்டிஆர் படத்த ஓட விட்டு, அது ஓடறப்பவே மெனுக்குள்ள போய் இன்னொரு தடவ மாத்தணும். மேட்ச் பாக்க மட்டும் ஸ்மூத்திங் வேணும்னா வச்சுக்கோங்க, அதுல எனக்கு சண்டை இல்ல.

வசனம் கேக்கல, பாட்டு மட்டும் காத கிழிக்குதுனா, தனியா ஸ்பீக்கர் இல்லாதவங்க ஆடியோல 5.1க்கு (சுத்தி பல ஸ்பீக்கர் வைக்கறவங்களுக்கான சவுண்ட்) பதிலா ஸ்டீரியோ எடுத்து பாருங்க, பல சமயம் அதுலயே சரியாயிடும். நெட்ஃபிளிக்ஸ்ல ஒரு படத்து மேல நின்னாலே ட்ரெய்லர் ஓட ஆரம்பிக்கும்ல, அத உங்க ப்ரொஃபைல் செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணலாம், 2020லேர்ந்து அந்த வசதி இருக்கு. கதையோட பாதிய அதுலயே காட்டிடறாங்க, மொத வேலையா ஆஃப் பண்ணுங்க.

கேம் விளையாடறவங்களுக்கு கணக்கு வேற. படத்த அழகாக்க டிவி பண்ற ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எடுக்கும், நீங்க பட்டன் அமுக்கி ஒரு இமை நேரம் கழிச்சு தான் ஆள் குதிப்பான், "இந்த கேம்ல கன்ட்ரோல் சரியில்ல"னு திட்றதுல பாதி இதனால தான். கேம் மோட் கண்டிப்பா போடுங்க. கன்சோல் மாட்டியிருக்கற எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனியா ஒரு செட்டிங் ஆன் பண்ணனும், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில டீப் கலர்னு இருக்கும், பண்ணலனா எச்டிஆர் முழுசா வராது. கேம்குள்ள குவாலிட்டியா பெர்ஃபார்மன்ஸானு கேட்டா கண்ண மூடிட்டு பெர்ஃபார்மன்ஸ் எடுங்க, ஓடி ஆடி சண்ட போடற கேம்ல 30 ஃபிரேம விட 60 ஃபிரேம் எப்பவும் சுகம்.

கடைசியா, படம் பாக்கறப்பவும் கேம் ஆடறப்பவும் ஆர்டர் பண்ற சாப்பாடு. ஃபிரெஞ்சு ஃபிரைஸ் வந்த உடனே டப்பாவ தொறந்துடுங்க, மூடி வச்சா உள்ள இருக்கற ஆவியே அத தொவள வச்சிடும். ஆறிப்போனா மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க, ஏர் ஃபிரையர்ல 200 டிகிரில மூணு நாலு நிமிஷம், இல்ல காஞ்ச தவால ஒரே அடுக்கா பரப்பி எண்ணெயே ஊத்தாம பெரட்டி எடுங்க. மிச்சம் இருக்கற பீட்சாவுக்கும் தவா தான், சின்ன தீ, அடி மொறுமொறுனு ஆனதும் ஓரத்துல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு மூடி வைங்க, சீஸ் இளகிடும். படம்னா பாத்துக்கிட்டே சாப்பிடலாம், கேம்னா சாப்பிட்டு கை கழுவிட்டு ஆரம்பிங்க. கட்சீன் (கேம் நடுவுல வர குட்டி வீடியோ) வரப்ப சாப்பிட்டுக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, கதையே அங்க தான் ஓடும்.