வயல் எலியின் கணக்கு: பூனைக்கு வீட்டிலேயே சமைக்கும் முறை

காவிரிப் படுகையில் பூனை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் மிஞ்சியதையே அதற்கு வைக்கிறோம்: மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, அது இல்லாத நாளில் தயிர்சோறு. எங்கள் வீட்டுக் கருப்பி அந்தச் சோற்றில் மீன் துணுக்குகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, பருக்கைகளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுப் போவாள். பிறகு அறுவடை முடிந்த சம்பா வயலில் ஓர் எலியைப் பிடித்து, தலையில் தொடங்கி ஏறக்குறைய முழுவதையும் தின்று தீர்ப்பாள். சதை, இதயம், ஈரல், எலும்பு, கொழுப்பு, நீர் ஆகிய எல்லாம் அந்த எலிக்குள் இருக்கின்றன. மாவுச்சத்து மிகக் குறைவு. அந்தக் கணக்கைக் கோழிக்கடைப் பொருள்களைக் கொண்டு கூடியவரை ஈடுகட்டுவதே இந்தச் செய்முறை. இது வளர்ந்த, நோயற்ற பூனைக்கு உரியது. குட்டி, சினைப்பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை ஆகியவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம்.

முதல் படி: பொருள்களை வாங்குதல்

தோலோடு கூடிய எலும்பில்லாத தொடைக்கறி 800 கிராம், கோழி இதயம் 150 கிராம், ஈரல் 50 கிராம் என்று கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியிலும், அதை விட இதயத்திலும் டாரின் என்னும் சத்து மிகுதி. பூனையின் உடல் இதைத் தேவையான அளவு தானே உருவாக்கிக்கொள்ளாது. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளர்ந்து வீங்கும். இந்த இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது 1987-இல்தான். ஈரலைப் பொறுத்தவரை, கேரட்டில் உள்ள நிறமியிலிருந்து நாம் வைட்டமின் ஏ பெறுவதுபோல் பூனையால் பெற முடியாது என்பதால் அது கட்டாயம் வேண்டும். ஆனால் விலை மலிவு என்று மாதக்கணக்கில் ஈரலையே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே 50 கிராமைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாம் படி: முட்டையோட்டுத் தூள்

கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு; எலும்போடு தின்னும் பூனைக்கு இந்தக் குறை தெரியாது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் நாம் அதைப் போட முடியாது. எனவே கழுவிய முட்டையோடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் முறுகக் காயவைத்து, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். விரல்களுக்கிடையில் தேய்த்தால் கோலமாவுபோல் நெறுநெறுக்காமல், முகப்பவுடர்போல் வழுக்க வேண்டும். ஒரு கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி, தலைதட்டி, போதும்.

மூன்றாம் படி: வேகவைத்தல்

பச்சையாகக் கொடுப்போரும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில், சால்மோனெல்லா கிருமியை எண்ணி, நான் வேகவைத்தே கொடுக்கிறேன். கறியைச் சிறு துண்டுகளாக்கி, மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை சிறுதீயில் வேகவையுங்கள். தொடக்கத்தில் நான் அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டேன். டாரின் நீரில் கரைந்து அதோடு போய்விடும் என்பது பின்னர்தான் தெரிந்தது. நீரையும் சேர்த்தே மசியுங்கள். பூனைக்குத் தாகவுணர்ச்சி குறைவாதலால் அந்த ஈரமும் அதற்கு நல்லது. ஆறிய பிறகு வெந்த மஞ்சள்கரு இரண்டையும் முட்டையோட்டுத் தூளையும் கலக்குங்கள். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்புச் சோற்றை நிறுத்தச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

மீன் வாரத்தில் இரண்டு நாள், சிறிதளவு போதும். நாகப்பட்டினத்து மத்தியானாலும் வாய்க்கால் கெண்டையானாலும் முள் நீக்கி, வேகவைத்தே கொடுங்கள். இவ்வகை மீன்கள் பச்சையாக இருக்கும்போது அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி, தவிர்த்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் இதை முழுமையான உணவு என்று சொல்ல மாட்டேன். டாரின் தூள், வைட்டமின் ஈ, பி வகைகள், அயோடின் ஆகியவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்பதை, உங்கள் பூனையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வசதி. அதுவரை வழக்கமான பூனைத் தீவனத்தின் மேல் ஓரிரு கரண்டி வைத்தால் போதும்.

நான்காம் படி: பழக்குதல், பரிமாறுதல்

மருத்துவர் சொன்ன சத்துகளைச் சேர்த்த பிறகு, நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இது மட்டுமே உணவானால் நாளொன்றுக்கு 120 முதல் 160 கிராம் வரை, இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாளில் அளவைக் கூட்டுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடக் கூடாது. பூனை இரண்டு நாள் உண்ணாவிட்டால், குறிப்பாகக் குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒருவேளை அளவுகளாகச் சிறு டப்பாக்களில் உறையவைத்து, முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுக்கும்முன் டப்பாவை வெந்நீரில் சற்று வைத்து வெதுவெதுப்பாக்கினால், அப்போது பிடித்த எலியின் சூடு வரும். சில்லென்று வைத்ததை முகர்ந்துவிட்டுப் போன கருப்பி, வெதுவெதுப்பாக்கியதும் தட்டை நக்கிப் பளபளக்க வைத்தாள். சித்திரை வெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்ததை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்து, காலண்டரில் குறித்துவையுங்கள்.